பாலி என்றொரு பெயர்

2024ஆம் ஆண்டுத் தை மாதத்தின் பிற்பகுதியில் ஒருநாட் காலை, நன்னூற் பாடம் முடிந்து மாணாக்கர் எழும் வேளையில், கடைசி வாங்கில் இருக்கும் மாணவி ஒருத்தி பத்திரிகைத் துண்டொன்றைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தாள். பரதக்கலை வல்லாரும் திரைப்பட நடிகையாய்ப் பெரும்புகழ் பெற்றவருமாகிய வைஜயந்திமாலா பாலி அவர்களுக்கு இந்திய அரசு பத்மவிபூஷண் விருதினை அறிவித்த செய்தி அதில் இருந்தது. “ஐயா, இவர் பாலித் தீவிலே நடனம் படித்தவரா? அதனாலேதான் பெயரோடு பாலி வந்ததா?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது.

அவ்வம்மையார் சென்னையிற் பிறந்தவர்; பாலி என்பது அவர்தம் கணவர் சமன்லால் பாலியின் குடிப்பெயர்; பஞ்சாபிலே மொகியால் என வழங்கும் பிராமணப் பிரிவினருள் ஏழு குடிகள் உள; அவற்றுள் ஒன்று பாலி; தீவுக்கும் குடிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆயின், வகுப்புச் சிரித்தபோது யான் சிரிக்கவில்லை. அப்பிள்ளையாவது வினாவாகக் கேட்டாள். யானோ அதே பெயரை வைத்துக்கொண்டு அவளினும் பெரிய பிழையை விடையாகவே எழுதி, அச்சிலும் ஏற்றியவன். அதனை ஈண்டு எடுத்துச் சொல்லித் திருத்திக்கொள்ளுதல் என் கடனாயிற்று.

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட பெருங்கூட்டத்தோடு யானும் புறப்பட்டேன். மறு ஆண்டு வன்னியை அடைந்து, மல்லாவிக்கு அணித்தாய்க் கிடுகால் வேய்ந்த கொட்டிலொன்றில் இருந்துகொண்டு, மரநிழலிலே கூடிய பள்ளிக்கூடம் ஒன்றிற் படிப்பித்தேன். நூல்களையெல்லாம் வீட்டிலே விட்டுவந்தவனுக்குத் துணையாயிருந்தவை, பையின் அடியிற் கிடந்த சூடாமணி நிகண்டும் மனப்பாடமாய் இருந்த சில பகுதிகளுமே. அயலிலே வவுனிக்குளம். அக்குளத்துக்கு நீர் கொணர்ந்து, பின் வடமேற்கே சென்று பாக்குநீரிணையிற் கலக்கும் ஆற்றுக்குப் பாலியாறு என்று பெயர். குளத்தை அண்டிய ஊரொன்றுக்கும் பாலிநகர் என்று பெயர். மாலைவேளைகளில் அவ்வாற்றங்கரையில் இருந்து, இப்பெயர் எங்கிருந்து வந்தது என்று எண்ணத் தொடங்கினேன். இருந்த மண்ணை இழந்தவன், வந்த மண்ணுக்கு ஒரு பழமை தேட விரும்பினான் என்று இப்போது சொல்லலாம். அப்போது அது ஆராய்ச்சியாகவே எனக்குத் தோன்றிற்று.

விளைவு, “பாலியும் தமிழரும்” என்னும் கட்டுரை. காஞ்சிநாட்டுப் பாலாற்றுக்குப் பாலி என்று பெயர். ஆகவே பாலாற்றங்கரையினின்று புறப்பட்டோர் வன்னியிலே குடியேறித் தம் ஆற்றின் பெயரை இவ்வாற்றுக்கு இட்டனர். அவர்களே கடல்கடந்து கிழக்கே சென்று பாலித் தீவுக்கும் பெயரிட்டனர். கிட்கிந்தை ஆண்ட வாலியை வடநாட்டார் பாலி என்பர், அவனும் இக்குலத்தவனே. பௌத்தர்தம் பாலிமொழி இவர்கள் பேசிய மொழியின் திரிபு. இவ்வாறு ஒரே மூச்சில் இந்துமாகடலின் இருகரையையும் கட்டிவிட்டேன். கையெழுத்துச் சஞ்சிகையில் வந்த அதனைப் போர் முடிந்தபின் ஓர் ஆண்டு மலரில் மீளவும் அச்சிட்டார்கள். பின்னர் மாணாக்கர் சிலர் அதனைப் பரீட்சை விடைத்தாளிலும் எழுதினர்.

இனி அக்கட்டுரையை அவிழ்த்துப் பார்ப்போம்.

ஒரு சொல் பல பொருள் உணர்த்துதல் நம்மவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என இருவகைப்படுத்தினார். மா தளிர்த்தது என்றால் மரம்; மா கனைத்தது என்றால் குதிரை. மா விழுந்தது என்றாலோ மரமோ விலங்கோ என்பது இடமறிந்தே கொள்ளப்படும். நிகண்டு நூலாரும் ஒருசொற் பல்பொருட்குத் தனித்தொகுதி வகுத்தனர். சூடாமணியின் பதினோராந் தொகுதியை நம் முன்னோர் திண்ணைப் பள்ளியிலே எதுகை பற்றி மனனஞ் செய்தனர். ஆனால், நிகண்டு படித்தவர் எவரும் மரமாகிய மாவுக்கும் குதிரையாகிய மாவுக்கும் உறவு கொண்டாடவில்லை. சொல்லிலே இவ்வளவு நிதானமாய் இருந்த நாம், இடப்பெயர் என்றவுடன் அந்நிதானத்தைக் கைவிட்டுவிடுகிறோம். பெயர் ஒன்றாயின் பிறப்பும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

பாலி என்னும் பெயரில் இத்தடுமாற்றம் மிகுதற்குத் தமிழ் நெடுங்கணக்கும் ஒரு காரணம். நமக்குப் பகரம் ஒன்றே. வடமொழியாளர் நான்கு எழுத்தாலும், ஐரோப்பியர் இரண்டெழுத்தாலும் வேறுபடுத்தும் ஒலிகளை நாம் ஓரெழுத்தாலேயே எழுதுவோம். அது நம் மொழிக்கு இயல்பு, குறையன்று. ஆனாற் பிறமொழிப் பெயர்களை எழுதும்போது, பல வாயில்களினின்றும் வருவோர் ஒரே கூடத்தில் நின்று ஒரே குடும்பத்தார் போலத் தோன்றுவர். இராசத்தானத்திலே பாண்டி ஆற்றங்கரையில் உள்ள பாலி நகரும், அந்நகரினின்று பெயர்ந்தமையாற் பாலிவால் எனப் பெயர்பெற்ற அந்தணரும் வலிந்த பகரத்தார். மகாராட்டிரத்து அட்டவிநாயகத் தலங்களுள் ஒன்றாகிய பல்லாளேசுவரர் வீற்றிருக்கும் பாலியும் அவ்வாறே. தட்சிணேசுவரத்தோடு பாலத்தால் இணைக்கப்பட்ட வங்காளத்துப் பாலியோ மெலிந்த பகரத்தது. சுவிற்சர்லாந்திலே 1851இல் தொடங்கிய சப்பாத்து உற்பத்தியாளரின் பெயரும் நம் எழுத்திற் பாலியே. அங்கேரியிலே பால் என்னும் பெயருடைய பிள்ளையைத் தாய் செல்லமாய்ப் பாலி என்று அழைப்பாள். பசிபிக் கடலின் நடுவே அவாய்த் தீவுகளிலோ பாலி என்பது செங்குத்தான மலைச்சரிவு. 1795இல் கமெகமெகா மன்னனின் படை ஒவாகுத் தீவின் வீரரை நெருக்கி நூவானு என்னும் பாலியின் விளிம்பினின்று வீழ்த்திய போர், அத்தீவுகளின் வரலாற்றையே மாற்றிற்று. என் கட்டுரையை எழுதியபோது இந்த அவாய்ப் பாலியை யான் அறிந்திருந்தேனாயின், வாலியைத் தூக்கிக்கொண்டு பசிபிக் வரையும் சென்றிருப்பேன் என்பதில் ஐயமில்லை.

தமிழ்நாட்டார் பாலிதீன் என்று எழுதுவதை நாம் பொலித்தீன் என்று எழுதுவதால் ஒரு பாலி நமக்குக் குறைந்தது. அதன் முன்னிற்கும் கிரேக்கச் சொல்லுக்குப் ‘பல’ என்பது பொருள். அதற்கும் நம்முடைய ‘பல’ என்பதற்கும் முடிச்சிட எழும் கையை யான் இப்போது அடக்கிக்கொள்கின்றேன்.

மொழியாகிய பாலியை எடுத்துக்கொள்வோம். பாலி என்பது தொடக்கத்தில் ஒரு மொழியின் பெயரே அன்று. வரிசை, வரி என்னும் பொருளினின்று மூலபாடம் என்னும் பொருளுக்கு வந்த சொல் அது. தேரவாத பௌத்த உரையாசிரியர்கள் அட்டகதை என்னும் உரையினின்று பிரித்துத் திருமுறை மூலத்தைப் பாலி என்றனர். அம்மூலம் எம்மொழியில் உள்ளது என்று கேட்டால், மாகதி என்றே மரபு விடை சொல்லும். பாலிபாசை, அதாவது மூலநூலின் மொழி, என்ற தொடர் தேய்ந்து, நூலின் பெயரே மொழியின் பெயராயிற்று. தேவாரம் எழுதிய மொழிக்குத் தேவாரம் என்றே பெயரிட்டால் எப்படியோ அப்படி. சிங்களத்தார் இதனை ளகரத்தால் எழுதுவர். ஏடுகளிலும் லகரம் ளகரம் இரண்டும் காணப்படும். ஆதலால் தமிழிற் பாளி என்று எழுதுவாரும் உளர்.

சீயத்திலே வேறொரு வேடிக்கை. அந்நாட்டார் இம்மொழியின் பெயரை மெலிந்த பகரத்தால் ஒலிப்பர். பதினான்காம் லூயி மன்னனின் தூதராய் 1687இல் அங்குச் சென்ற சிமோன் தெ லா லூபேர், 1691இல் வெளியிட்ட தம் நூலில் இம்மொழியின் பெயரை அம்மெலிந்த ஒலியோடே எழுதினார். 1826இல் பர்னூவும் லாசனும் பாரிசு நகரத்திலே இம்மொழி பற்றிய ஆராய்ச்சி நூலை வெளியிட்டபோது வலிந்த பகரம் நிலைத்தது. ஆக, பகரத் தடுமாற்றம் தமிழ் எழுத்தால் மட்டும் விளைவதன்று.

இனிப் பாலாறு. நந்திமலைப் பக்கத்தில் தோன்றிக் கருநாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என மூன்று மாநிலங்களையும் 348 கிலோமீற்றர் அளவு கடந்து, சதுரங்கப்பட்டினத்துக்கு அணித்தாய்க் கடலொடு கலப்பது. மேலே மணல், உள்ளே நீர். அதுவே அதன் இயல்பு. சேக்கிழார் பெருமான் திருக்குறிப்புத்தொண்டர் புராணத்திலே இவ்வாற்றைப் பாலி என்றே பாடினார். கோடையில் உழவர் மணற்றிட்டைக் கையால் வருடினால், குழந்தை தடவத் தாயின் மார்பிற் பால் சுரக்குமாறு நீர் பெருகி மடையை உடைக்கும் என்பது அங்கு அவர் கூறும் கருத்து. பாலும் பாலியும் அவர் உள்ளத்தில் ஒன்றாகவே நின்றன என்பது வெளிப்படை. வடநூலார் இவ்வாற்றைச் க்ஷீரநதி என்று மொழிபெயர்த்ததும் அது நோக்கியே. இங்கே பெயருக்குப் பொருள் மொழிக்குள்ளேயே இருக்கின்றது. கிட்கிந்தைக்குச் செல்ல வேண்டியதில்லை.

ஆனால் இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் மேற்செல்ல என்னால் இயலவில்லை. ஐந்தாம் நூற்றாண்டளவில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து பௌத்த உரைகளைப் பாலிமொழியில் யாத்த புத்தகோசர், தம் உரையொன்றின் முடிவிலே, காஞ்சிபுரத்தில் சோதிபாலர் என்னும் தேரரோடு தாம் உறைந்ததையும் அவர் வேண்டுகோளையும் குறிப்பிடுகின்றார். காஞ்சியின் தெற்கே பாய்வது பாலாறு. பாலிமொழியை உலகம் போற்றச் செய்த பேராசான் ஒருவர், பாலி என்னும் ஆற்றின் அயலிலே வாழ்ந்திருக்கின்றார்! இதைவிட அழகான சான்று வேறு வேண்டுமோ என்று 1996இல் யான் இதனை அறிந்திருந்தால் துள்ளியிருப்பேன். சான்று ஒன்றுமில்லை. அவர் காலத்தில் அம்மொழிக்கு அப்பெயரே ஏற்படவில்லை. பொருந்திவரும் செய்திகளே ஆராய்ச்சியாளனை மிகுதியும் ஏமாற்றுகின்றன. பொருந்தாதன தாமே விலகிவிடும்.

தீவாகிய பாலிக்கு வருவோம். அங்குச் சானூர் என்னும் ஊரிலே பெலஞ்சோங் தூண் என்று ஒரு கற்றூண் உண்டு. கேசரி வர்மதேவன் என்னும் அரசன் 914ஆம் ஆண்டில் நாட்டியது. வடமொழியும் பழைய பாலித்தீவு மொழியும் அதில் உள்ளன. அத்தூண் அந்நிலத்தை வாலித்தீபம் என்று குறிக்கின்றது. பகரம் இல்லை, வகரம். ‘இதோ வாலி!’ என்று யான் கைதட்டியிருப்பேன். ஆனால் அத்தீவினரின் மொழியிலேயே வலி என்பதற்கு வழிபாடு, படையல் என்னும் பொருள் உண்டு. கோயிலின் உள்வீதியில் ஆடும் திருநடனங்களை அவர்கள் இன்றும் வலி என்றே வகைப்படுத்துவர். 2015இல் யுனெஸ்கோ நிறுவனம் அத்தீவின் மூவகை நடனங்களைப் பட்டியலிற் சேர்த்தபோது முதலாவதாய் நின்றது இவ்வகையே. தீவின் பெயரை ஆராய்ந்தோர் பலர் இச்சொல்லோடும், வடமொழியிற் படையலைக் குறிக்கும் பலி என்னும் சொல்லோடும் அதனைத் தொடர்புபடுத்துவர். அவ்வாறாயின் அத்தீவுக்கு நம் வீட்டிலே உறவினர் இருப்பது உண்மையே. அவ்வுறவினர் பாலியாறும் அல்லர், பாலாறும் அல்லர். கோயில் முன்றிலில் இருக்கும் பலிபீடம்.

இந்த இடத்திலேதான் என் கட்டுரை எவ்வளவு தலைகீழானது என்பது எனக்கு விளங்கிற்று. ஓசை ஒத்தவையெல்லாம் உறவு என்று யான் கட்டினேன். உண்மையான உறவுகளோ ஓசை மாறி, வேறு வீட்டுப் பெயரோடு வாழ்கின்றன. வங்காளியரின் மொழியிற் பாலி என்பதற்கு மணல் என்று பொருள். வாலுகை என்னும் வடசொல் அங்கு அவ்வாறு திரிந்தது. அதே வாலுகை சிங்களத்தில் வெலி ஆயிற்று. நம் நாட்டின் மிகப் பெரிய ஆறு 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைப் பக்கத்திற் கடலை அடைகின்றது. மகாவம்சம் அதனை மகாவாலுக கங்கை, பெருமணல் ஆறு, என்னும். சிங்களத்தார் மகாவெலி என்றனர். நாம் அதனை மாவலி கங்கை என்று எழுதி, மூவடி மண் ஈந்த மாவலி மன்னனை அதன் கரையிலே கொண்டுவந்து இருத்தினோம். மாவலியை மதிப்பவன் யான். எனினும் அவ்வாற்றிலே அவனுக்குப் பங்கில்லை. அங்கு இருப்பது மணலே. வங்காளத்துக் குழந்தை பாலி என்று சொல்லி அள்ளி விளையாடும் அதே மணல்.

1927இல் இரவீந்திரநாத தாகூர் பாலித் தீவுக்குச் சென்றபோது உடன் சென்றவர் மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி. வங்கமொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து அதற்கு முந்திய ஆண்டிலேதான் பெருநூல் வெளியிட்டிருந்தார். அவர் பிறந்தது ஹவுராப் பகுதியில். பாலி என்னும் ஊரும் அப்பகுதியிலேயே உள்ளது. வங்க எழுத்தில் அவ்வூரும், அத்தீவும், மணலும், கிட்கிந்தை அரசனும் ஒரே வடிவினர். அவ்வளவு பெரிய வாய்ப்பு வாய்த்திருந்தும் அவர் அவற்றை ஒரு குடும்பமாக்க முனையவில்லை. ஒலி எந்த முறையில் மாறும், எந்த முறையில் மாறாது என்று அறிந்தவர் அவர். அறியாதவன் கொட்டிலில் இருந்து எழுதினேன்.

இப்போது எஞ்சுவது வன்னிப் பாலியாறு. என் கட்டுரை பிறந்த இடமும் அதுவே.

நீர்ப்பாசனப் பகுதியிற் கடமையாற்றிய ஹென்றி பார்க்கர் என்பவர், பண்டைய இலங்கை பற்றி 1909இல் வெளியிட்ட நூலிலே இந்நாட்டுப் பழங்குளங்களைத் தாமே அளந்து ஆராய்ந்து எழுதியிருக்கின்றார். வவுனிக்குளத்தை அவர் மகாவம்சம் கூறும் பேலிவாபி என்று கொண்டார். துட்டகைமுனு பெருந்தூபி எடுப்பித்தபோது, தலைநகருக்கு வடக்கே ஏழு யோசனையிற் பேலிவாபியிலே மணிகள் வெளிப்பட்டன என்பது அந்நூற்செய்தி. வாபி என்றாற் குளம். குளம் பேலியாயின், குளத்துக்கு நீர் தரும் ஆறு பாலியாதல் கூடும். ஏகாரம் ஆகாரமாதல் எளிய திரிபன்று என்று இலக்கணம் படித்தவன் தடை சொல்லலாம், யானும் சொல்வேன். ஆயினும் குளம் அங்கே இருக்கின்றது, அதன் கட்டு பழமையானது, திசையும் தூரமும் ஒத்துவருகின்றன. இம்மூன்றும் என் கட்டுரைக்கு இல்லாதவை. என் கட்டுரைக்கு ஓசை ஒன்றே துணை. வடமொழியிற் பாலி என்பதற்கு வரிசை என்பதோடு கரை, அணை என்னும் பொருள்களும் உள என்பதைப் பின்னர்க் கண்டபோது, குளக்கட்டை நினைந்து என் உள்ளம் மீண்டும் ஒருமுறை துள்ளிற்று. ஒருமுறை சூடுகண்ட பூனையாதலால் அமர்ந்துவிட்டேன்.

பார்க்கரின் கருத்தையே யான் இப்போது பெரிதும் ஏற்கின்றேன். அதனை ஏற்றுக்கொண்டால் அந்நிலம் வேறொருவருக்கு உரியதாய்விடுமே என்று அஞ்சிய நண்பர்களும் எனக்கு உளர். பேலிவாபி என்னும் பெயரைப் பற்றிக்கொண்டு, அதனாலேயே அந்நிலம் தமதென்பாரும் மறுபக்கத்தில் உளர். இருவரும் ஒரே பிழையையே செய்கின்றனர். பெயர் என்பது காணி உறுதி அன்று. ஓர் ஆறு ஒரு மொழியிற் பெயர்பெற்று, வேறொரு மொழியினர் வாயிலே திரிந்து, மூன்றாம் மொழியினர் ஏட்டிலே எழுதப்படுவது உலகெங்கும் நடப்பது. அவ்வாற்றங்கரையிலே காடு வெட்டி, வயல் திருத்தி, இடம்பெயர்ந்து, திரும்பிவந்து மீண்டும் வயல் திருத்தியவர்களின் உரிமைக்கு வாலியின் சாட்சியம் தேவையில்லை. வாலி சாட்சியாக வந்தாலோ, எதிர்ப்பக்கத்தார் அவனைக் குறுக்குவிசாரணை செய்து எளிதில் வீழ்த்திவிடுவர். அவனோடு சேர்ந்து உண்மையான சாட்சிகளும் மதிப்பிழப்பர். யான் எழுதிய நல்லெண்ணக் கட்டுரை அம்மக்களுக்குச் செய்யவிருந்த தீங்கு இதுவே.

செய்யவிருந்த என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பகுதிச் சனசமூக நிலையம் ஒன்றைச் சேர்ந்தோர், ஆற்றங்கரையிலே ஒரு கல் நாட்ட விரும்பி, என் கட்டுரையின் முதற்பந்தியைப் பொறிக்க அனுமதி வேண்டிக் கடிதம் எழுதியிருந்தனர். அக்கடிதம் வந்து சில மாதமாயிருந்தது. பெருமையோடு வைத்திருந்தேன், விடை எழுதவில்லை. மாணவி கொணர்ந்த பத்திரிகைத் துண்டைக் கண்ட அன்று இரவே அதனைத் தேடி எடுத்தேன். கடிதத்தால் மறுத்தல் தகாது என்று எண்ணி, ஆவணி விடுமுறையில் நேரே சென்றேன்.

ஆறு வற்றிக் கிடந்தது. மணல் மட்டுமே. கரையிலே மருதமரத்தின் கீழ் அவர்கள் காத்திருந்தனர். யான் வந்த காரணத்தைச் சொன்னேன். கட்டுரை பிழை என்பதையும், எவ்வாறு பிழை என்பதையும் இங்கு எழுதியவாறே விரித்தேன். இளைஞர் முகங்கள் வாடின. எழுதியவரே வந்து பிழை என்கிறாரே என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அது நியாயமான வார்த்தை. அதற்கு யான் விடை கூறவில்லை.

அயலிலே மாடுகளோடு நின்ற முதியவர் ஒருவரைப் பார்த்து, “பெரியவர், முந்தி உங்கள் ஐயா, அப்பு ஆட்கள் இந்த ஆற்றை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டவை?” என்று கேட்டேன்.

“ஆறெண்டுதான் வாத்தியார். இஞ்சை வேறை ஆறு இருந்தாத்தானே பேர் வேணும்” என்றார்.

சொல்லிக்கொண்டே குந்தி இருந்து, மாடுகளுக்காக மணலை இரு கையாலும் விலக்கினார். ஒரு முழம் போகுமுன் ஈரம் கண்டது. சற்றைக்கெல்லாம் நீர் ஊறி, கலங்கல் தெளிந்து, வெண்மையாய் நின்றது. கன்றொன்று வந்து வாய் வைத்தது. சேக்கிழார் வாக்கு என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. பால், பாலி, பாலாறு! மணல் வருடச் சுரக்கும் ஆறு! எல்லாம் ஒத்துவருகின்றனவே! வாயைத் திறந்தேன். எதிரே அவ்விளைஞர் குறிப்பேட்டைத் திறந்து பேனாவோடு நின்றனர். வாயை மூடிக்கொண்டேன்.

“அப்போ கல்லிலே என்ன எழுதுவது, சேர்?” என்று கேட்டார் செயலாளர்.

“பாலியாறு என்று எழுதுங்கள்.”

“அவ்வளவுந்தானா? பெரிய கல்லாக எடுத்துவிட்டோம். கீழே இடம் வெறுமையாகக் கிடக்குமே?”

“கிடக்கட்டும், தம்பி” என்றேன்.